முழுகாமல் என்று சொன்னேன்

போன வாரம் எழுதியதில், கப்பலில் நான் கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பச்சை என்று போட்டுவிட்டேன். அது நீலம் என்று என் மகள் சொல்கிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி மறந்துபோகிறது. மறந்ததைத் தேடிப் பிடித்து எழுதினால் முன்னால் எழுதியதோடு ஒட்டமாட்டேன் என்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரத்துச் சங்கதியை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கிழித்துப்போட்டேன். பெண்கள் சமாச்சாரம். பத்திரிகையை ஆண்களும் படிப்பார்கள் என்று கூச்சம். ஆனால் என் கூச்சத்தால் என்ன நடக்க இருந்தது என்பதுதான் இந்த வாரக் கதையே. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆறு பேர் இருந்த பலகை

ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. சிவப்புச் சிமெண்டுத் தரையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். கார்பாலிக் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. நீளப் பலகையில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். கறுப்புக் கால்சட்டை போட்ட சீனப் பெண்கள் இரண்டு பேர், மலாய்ப் பெண்கள் இரண்டு பேர், கடைசிக்கு முன்னதாக நான். எனக்கு அடுத்துப் பலகையின் ஓரத்தில் இருந்தவள் ஒரு மலாய்க் கிழவி. மக் எசா என்று அவளைக் கூப்பிட்டார்கள். மக் என்றால் அம்மா மாதிரி.

எல்லாருமே பிள்ளைப்பேறு பார்க்கிறவர்கள். உள்ளே வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் பதிவேட்டில் பெயர் ஏறும், லைசென்ஸ் தாள் வரும். இல்லையென்றால் வராது.

என் மடியில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் நான் படித்துத் தேறியதற்கான சர்ட்டிபிகேட். உள்ளங்கை வேர்வையில் உறையின் ஒரு மூலை நைந்துபோயிருந்தது.

மக் எசா வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். டாக்டர் முன்னால் சிவந்த வாயோடு போகப் பயந்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. நன்றாக மென்று பூந்தொட்டிக்குப் பின்னால் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தாள் ஏன் வேண்டியிருந்தது

நான் ஏன் அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எங்கள் தோட்டம் சிகாமட்டுக்கு உள்ளே. ஆற்றோரம். என் வீட்டுக்காரருக்குப் புகைவீட்டில் வேலை, ரப்பர் சீட்டுகளைக் காயவைப்பது. அவர் மேலும் சட்டை மேலும் எப்போதும் புகை வாசம்தான். நான் வந்து சேர்ந்த மூன்றாம் நாளே, வேலையாட்களின் வரிசை வீடான லயத்தில் ஒருத்திக்கு வலி எடுத்தது. போய்ப் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றரை வருஷம் போல நான்தான் பார்த்துவந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு முக்காலியும் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் உத்தரவு வந்தது. லைசென்ஸ் தாள் இல்லாத எவளும் இனிமேல் பிரசவம் பார்க்கக் கூடாது. தோட்டத்து டிரஸ்ஸர்தான் வாசித்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர் அவர். என் வீட்டுக்காரர் என் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்தார்.

"அங்க பொறக்கிற பிள்ளையும் இங்க பொறக்கிற பிள்ளையும் ஒண்ணுதானேய்யா? அந்தப் படிப்பு ஏன் இங்க ஆவாதுங்கிறீங்க?"

"பிள்ளை ஒண்ணுதான்யா. துரைதான் வேற வேற" என்றார் டிரஸ்ஸர்.

டிரஸ்ஸர் நல்ல மனுஷர். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆண் பிள்ளை. நான் வருவதற்கு முன்னால் அவர் பிரசவத்துக்குப் போனால் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். அவர் லயத்துக்கு வெளியே நின்றுகொண்டு, "ஆச்சா? இன்னும் ஆவலையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். அப்படியே கதவுக்குள்ளேயே செத்துப்போனவர்கள் இரண்டு பேர் என்று சொன்னார்கள்.

தாள் இல்லாவிட்டால் மற்ற பெண்களைப் போல நானும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும் என்று தோட்டத்துப் பெரிய துரை சொல்லிவிட்டார். உளியைப் பிடிக்க எனக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் அஞ்சலை கேட்டதில்தான் இருந்தது. எங்கள் பக்கத்து லயம், சின்னப் பெண். முதல் பிள்ளை நான் வருவதற்கு முன்னால் இறந்தே பிறந்தது. இப்போது மறுபடி நாலாம் மாதம். தண்ணீர்க் குழாயடியில் என் குடத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நீங்க இல்லேன்னா யாருக்கா?"

நான் குடத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வளையல் கழற்றிய கை

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

ஊரில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள். எங்கள் வாயில் நுழைகிற மாதிரி டாக்டரம்மா என்போம். அவரிடம் சேர்ந்த முதல் இரண்டு மாதம் எங்களுக்குப் பிள்ளைப்பேறு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவத்தான் சொல்லிக்கொடுத்தார். வளையலைக் கழற்ற வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். சோப்புப் போட்டு, பிரஷால் நகக்கண்ணில் தொடங்கி முழங்கை வரை தேய்க்க வேண்டும். முந்நூறு எண்ணுகிற வரை. நடுவில் யார் கூப்பிட்டாலும் நிறுத்தக் கூடாது, அவரே கூப்பிட்டாலும்.

தோட்டத்தில் இந்தக் கையால் பட்ட பாடு வேறு. பிரசவம் நடக்கிற வீட்டுக்குள் மூளிக் கையோடு ஒரு சுமங்கலி வருகிறாளே என்று கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசல் வரை வளையல் குலுங்கப் போவேன். உள்ளே போனதும் கழற்றிப் பிள்ளைத்தாய்ச்சியின் தலைமாட்டில் வைத்துவிடுவேன். பிள்ளை பிறந்ததும் மாட்டிக்கொண்டு வெளியே வருவேன். எல்லாருக்கும் திருப்தி.

உள்ளே நடந்தது

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

சீனப் பெண்கள் இரண்டு பேரும் போய் வந்தார்கள். மலாய்ப் பெண்கள் இரண்டு பேரும் போய் வந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு இங்கிலீசும் மலாயும் தெரியும், தமிழ் தெரியாது. எனக்கு மலாய் ஒரு நாற்பது வார்த்தை தெரிந்தால் அதிகம். அதனால் மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு கிராணியை நிறுத்தியிருந்தார்கள். தமிழர்தான். ஆனால் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் ஆகாதவர். பேசினால் நம் பேச்சாகத்தான் இருந்தது. வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சு மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். டாக்டரின் பூட்ஸ்தான் தெரிந்தது.

"பிள்ளை உண்டான பொம்பள ஒருத்தி உங்ககிட்ட வந்தா, முதல்ல என்னா கேப்பீங்கன்னு டாக்டர் கேக்கிறாரு."

இது என்ன பெரிய கேள்வி என்று நினைத்தேன்.

"எத்தனை மாசமா முழுகாம இருக்கேன்னு கேப்பேங்க."

கிராணி கொஞ்சம் தயங்கினார். "முழுகாமன்னா? குளிக்காமலா?"

"ஆமாங்க. சில ஊருல அப்படியும் சொல்லுவாங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இது தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் அந்த மூன்று நாள் கழித்துப் பெண்கள் தலைமுழுகுவார்கள். அந்த மாதம் முழுகவில்லை என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். வாய் விட்டுக் கர்ப்பம் என்று சொல்ல மாட்டோம். முழுகாமல் இருக்கிறாள் என்போம். கேட்கிறவர்கள் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

கிராணி டாக்டரிடம் இங்கிலீசில் சொன்னார். டாக்டர் திருப்பி என்னவோ கேட்டார்.

"அது நல்லதா, கெட்டதான்னு கேக்கிறாரு."

"நல்லதுதானுங்க. வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம்."

எத்தனை மாதம் வரை அப்படி இருக்கலாம் என்று கேட்டார். பத்து மாதம் என்றேன். நான் அப்படி இருந்தது உண்டா என்று கேட்டார். இரண்டு தரம் இருந்திருக்கிறேன் என்றேன். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். காலை நீட்ட இடம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் சர்ட்டிபிகேட்டை மடித்து உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிராணிதான் சொன்னார்.

"சுத்தம்னா என்னான்னு தெரியாதவங்களுக்குத் தாள் குடுக்க முடியாதாம். இப்ப போயிட்டு அடுத்த பரீட்சைக்கு வாங்க. குளிக்காம இருக்கிறது நல்லதுன்னு சொல்றீங்களேம்மா."

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. என்ன சொன்னேன், அது எப்படிப் போய்ச் சேர்ந்தது, எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வதென்றால் அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்கள். ஒருத்தர் என் வயசு, பூனை மீசை. என் வாய் திறக்கவில்லை.

"சரிங்க" என்றேன்.

அந்தச் 'சரிங்க'வை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. அஞ்சலையையும், கதவைச் சாத்திக்கொள்கிற பெண்களையும் அந்த ஒரு வார்த்தையில் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நிலா வரவில்லை

பலகையில் மக் எசா மட்டும் பாக்கி. என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஆப்பா பாசால்?" என்றாள். என்ன விஷயம் என்று.

என் நாற்பது வார்த்தைகளில் தேடினேன். குளிப்பதற்கு மண்டி. இல்லை என்பதற்கு தாக். துரைக்கு துவான். துவானுக்குக் கோபம் என்று சொல்லத் தெரிந்தது. மண்டி தாக், மண்டி தாக் என்று சொன்னேன். நான் இன்று குளிக்காமல் வந்ததற்காக டாக்டர் விரட்டிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். என் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கிறாய் என்கிற மாதிரி கையை விரித்தாள். அழுகை வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெண்ணுக்குப் பெண் என்பதால் கூச்சம் கொஞ்சம் விட்டது. மூன்று விரலைக் காட்டினேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற மாதிரி செய்தேன். அது இல்லை என்று கையை ஆட்டினேன். வயிற்றைத் தொட்டு, பிள்ளை என்றேன்.

மக் எசா தொடையில் ஓங்கித் தட்டினாள்.

"தாக் டத்தாங் பூலான்!"

பூலான் என்றால் நிலா. அது எனக்குத் தெரியும். நிலா வரவில்லை என்கிறாள். அவர்கள் நிலாவை வைத்துச் சொல்கிறார்கள், நாங்கள் குளியலை வைத்துச் சொல்கிறோம். இரண்டு பேரும் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வதில்லை.

வெற்றிலைச் சாறு என் சேலையில் தெறிக்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

டாக்டரை அவள் திட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி ஒரு குரல். அவள் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்ல வேண்டிய வேலையும் அந்தக் கிராணிக்கே வந்து சேர்ந்தது, பாவம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாசம் முழுகுறதைத்தான் இந்தப் பொண்ணு சொல்லுது, துவான். உங்க கிராணிக்குப் பொண்டாட்டி இல்ல, அவனுக்கு என்னா தெரியும்... அப்படின்னு சொல்றாங்க."

அவர் காது இரண்டும் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் முகமும் சிவந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அப்புறம் மூலையில் இருந்த வாஷ்பேசினைக் கை காட்டினார். கழுவிக் காட்டு என்கிறார்.

நான் வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்தேன். பிரஷ் கேட்டேன். நகக்கண்ணில் தொடங்கினேன். நூற்றிருபது எண்ணும்போது டாக்டர் "சுடா" என்றார், போதும் என்று. நான் நிறுத்தவில்லை. இருநூறு எண்ணும்போது மறுபடி சுடா என்றார். எண்ணிக்கை விட்டுப்போகுமே என்று நான் பதில் சொல்லவில்லை. முந்நூறு ஆனதும்தான் நிறுத்தினேன். கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளை முழுதும் எழுதினால் பக்கம் போதாது. பிள்ளை குறுக்கே இருந்தால் என்ன செய்வாய், உதிரம் நிற்காவிட்டால் என்ன செய்வாய், பிறந்த பிள்ளையின் கண்ணை எப்படித் துடைப்பாய். எல்லாம் சொன்னேன். ஆனால் கிராணிக்கு இப்போது என் எந்த வார்த்தை மேலேயும் நம்பிக்கை இல்லை. பனிக்குடம் உடைகிற வரை காத்திருப்பேன் என்று நான் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது நெசமாவே குடமா? இல்ல இதுவும் வேற என்னமாவதா?"

அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் எப்போது அக்கா என்று மாறினார் என்று கவனிக்கவில்லை. நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்து, பிள்ளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர்ப் பை என்று விளக்கமாகச் சொன்னேன். இரண்டு ஆண்களுக்கு முன்னால் அன்றைக்குத்தான் முதல்முதலாக நிமிர்ந்து பேசினேன். பேசிய பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

டாக்டர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கிராணியிடம் நீட்டினார். பதிவேட்டில் உடனே என் பெயரை எழுதச் சொன்னார். கிராணி எழுதி, எழுத்துச் சரியா என்று எனக்குக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து. சரி என்று தலையாட்டினேன்.

ரயிலுக்கு நேரமானது

அந்தச் சமயத்தில் மணி அடித்தது. டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் போய்விட்டார். மக் எசாவை இன்னும் கேட்கவே இல்லை. அவளுக்கு வர வேண்டிய நேரமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

அவள் கடலோரக் கம்பத்துக்காரி, கம்பம் என்றால் கிராமம். இப்போது தொழிற்சாலையும் பஸ்ஸுமாக இருக்கிறதே பாசிர் கூடாங், அந்தப் பக்கம் எங்கேயோ. படகில் வந்திருந்தாள். மத்தியானம் நீர் ஏறுகிறபோது அந்தப் படகு திரும்பிவிடும் என்று கிராணி சொன்னார். டாக்டர் சாப்பிட்டு வருவதற்குள் படகு போய்விடுமே என்று நான் கேட்கச் சொன்னேன். நாளைக்கும் படகு வரும், நீ உன் ரயிலைப் பார் என்று அவள் என் முதுகில் தட்டினாளாம். தட்டியது எனக்கே தெரிந்தது. சொன்னதைத்தான் கிராணி சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டே ஸ்டேஷன் வரை நடந்தார். ரயில் ஏறிய பிறகு, "குளிக்காதவளைக் கட்டிக்கிட்டு வந்தேன்னு இல்ல நெனச்சிருப்பாரு அந்தத் துரை" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிகாமட் வரைக்கும் விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

தாள் மறுமாதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. அஞ்சலைக்கு ஆற்றுத் தண்ணீர் லயத்து வாசல் வரை வந்திருந்த சமயத்தில் வலி எடுத்தது. பெண் குழந்தை. பிறந்ததும் நல்ல சத்தமாக அழுதது. டிரஸ்ஸர் வெளியே தண்ணீரில் நின்றுகொண்டு "ஆச்சா?" என்றார். ஆச்சு என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன்.

யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள். நான் எண்ணி வைக்கவில்லை. யாராவது வந்து அக்கா உங்கள் கையால் பிறந்தேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மக் எசாவின் ஞாபகம் வரும். ஆனால் அவளை நான் மறுபடி பார்க்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஜொகூர் பாரு போனபோது விசாரித்தேன். அந்தக் கிராணி வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். வேறு யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருப்பீர்கள். பழைய பதிவேடுகளை எங்காவது கட்டி வைத்திருந்தால் ஓர் உதவி செய்ய வேண்டும். என் தாளில் இருக்கிற எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். வருஷம் எனக்கு நிச்சயமில்லை, அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்ட கேள்விகளை முன்பின்னாக எழுதியிருந்தாலும் தெரிந்தவர்கள் திருத்துங்கள். முக்கியமாக, என் பெயருக்கு அடுத்த வரியைப் பாருங்கள். எசா என்றோ ஐசா என்றோ இருக்கலாம். நான் காதால் கேட்டதுதான்.

அவள் பெயர் அங்கே இருந்தால், மத்தியானத்துக்கு மேல் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், எனக்காக அவள் விட்டது ஒரு படகு மட்டும்தான். இல்லையென்றால் அவள் தன்னுடைய முறையையே எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஆகிறது. எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். அவளுக்கு எவ்வளவு நன்றி சொல்ல வேண்டும் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை.